அட்வான்ஸ் கொடுக்கும் முன் பாருங்கள்: தமிழ்நாடு ரெரா இணையதளம்

போரூர் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒரு சைட்டில் வேலை ஓடுகிறதா, படுத்துவிட்டதா என்பது எங்கள் பில் புத்தகத்திலேயே தெரிந்துவிடும். கட்டுக்கம்பியும் ஆணியும் வாரா வாரம் போனால் தளம் ஏறுகிறது. அது நின்று, பாக்கி கேட்டால் போனையும் எடுக்கவில்லை என்றால் வேலை நின்றுவிட்டது என்று அர்த்தம்.

வீடு வாங்குகிறவருக்கு அந்தப் புத்தகம் கிடைக்காது. அதற்கு ஈடாக எனக்குத் தெரிந்தது ரெரா பக்கம் ஒன்றுதான். ரெரா என்றால் வீடு, மனை விற்கும் திட்டங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அரசு ஆணையம். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவான ஒவ்வொரு திட்டத்துக்கும் கட்டுபவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே விவரம் ஏற்ற வேண்டும்: எத்தனை வீடு புக் ஆனது, எந்தெந்த அனுமதி வந்தது, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது.

போன கார்த்திகையில் என் தம்பி ஒரு ஃப்ளாட் பார்த்தான். விற்க வந்தவர், "நாலாவது மாடி ரூஃப் போட்டாச்சு, 20 சதவீதம் கட்டிடுங்க, அக்ரிமெண்ட் அப்புறம்" என்றார். பதிவு எண் கேட்டு வாங்கினேன். அதில் மாவட்டக் குறியீடு, கட்டடமா மனைப்பிரிவா, வரிசை எண், வருடம் என்று எல்லாம் இருக்கும். அதை வைத்துத் தேடினால், அவர்களே ஏற்றிய காலாண்டு விவரத்தில் இரண்டாவது தளத்தோடு வேலை நிற்கிறது. பாதிக்கு மேல் வீடுகள் மட்டும் விற்றுவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு நேரில் போனேன். இரண்டாவது தளத்துக்கு மேலே தூண் கம்பிகள் மொட்டையாக நின்றன. தொட்டேன், துரு விரலில் ஒட்டியது. சென்ட்ரிங் பலகை ஒன்றுகூட இல்லை. கம்பிக்குக் கம்பி கயிறு கட்டி வாட்ச்மேன் வீட்டுத் துணி காய்ந்தது. "ஆடியிலயே ஆளுங்க போயிட்டாங்கம்மா" என்றார் அவர். அக்ரிமெண்ட் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கச் சட்டமே இடம் தரவில்லை என்று தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். அவன் பணம் கொடுக்கவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டடம் உறுதியா என்று இந்தப் பக்கம் சொல்லாது. 2014 ஜூன் 28 சாயங்காலம் மௌலிவாக்கத்தில் 11 மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசா என்று பிழைக்க வந்தவர்கள் அதில் பலர். எங்கள் கடைக்கு அது பக்கம்தான். இன்றும் மழையோடு இடி இடித்தால் அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. மண் பரிசோதனையையும் தூணின் பலத்தையும் தெரிந்த இன்ஜினியரை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தப் பக்கத்தை மதிக்கிறேன். கட்டுமானத் தொழில் எங்கே தேங்குகிறது, எதைத் திருத்த வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரை செய்வதும் அந்த ஆணையத்தின் வேலை என்று சட்டத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது. நானும் தம்பியும் பார்த்த அதே எண்ணிக்கை அதிகாரிகள் கையிலும் இருக்கிறது. அதனால் அதில் ஒருவர் பொய்யாக ஒரு தளம் கூட்டி எழுதினால், ஏமாறுவது வாங்குகிறவர் மட்டுமில்லை.

குறை என்று நான் நினைப்பது சட்டத்தின் வரம்பை. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், இல்லை 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடம் என்றால் பதிவே தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்றால் இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் கடையில் சரக்கு எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டுவது அந்த ஆறு வீட்டு, நாலு வீட்டுக் கட்டடங்கள்தான். அவை இந்தக் கணக்கிலேயே வராது. மாநில அரசு நினைத்தால் இந்த வரம்பைக் குறைக்கலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. குறைக்க வேண்டும். சின்னக் கட்டடத்தில் வாங்குகிறவர்தான் பெரும்பாலும் நகையை விற்றுப் பணம் கட்டுகிறவர்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். தம்பி இப்போது வேறு இடம் பார்க்கிறான். அதன் பதிவு எண்ணை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த காலாண்டு விவரம் ஏறியதும் பார்த்துவிட்டு, இருவரும் ஒருமுறை நேரில் போய் வருவோம்.