குக்கர் விசிலை வெட்ட எத்தனை பொத்தான்? லினக்ஸில் மூன்று வீடியோ எடிட்டர்கள்

அக்காவிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி. விண்டோஸ் அதில் திணறியதால் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருந்தேன். போன மாதம் வாழைப்பூ ஆய்வது எப்படி என்று போனில் 12 நிமிட வீடியோ ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, "இதில் நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது, அதை மட்டும் எடுக்கணும். முன்னால் தமிழில் ஒரு தலைப்பு. அவ்வளவுதான்டா" என்றார்.

இந்த "அவ்வளவுதான்" என்பதையே தேர்வாக வைத்துக்கொண்டேன். முன்னும் பின்னும் நறுக்குவது, விசிலை வெட்டுவது, தமிழ்த் தலைப்பு, மெல்லிய இசை, யூடியூபுக்கு ஏற்ற கோப்பு. ஓப்பன்ஷாட், ஷாட்கட், கேடென்லைவ் மூன்றையும் இதே வேலைக்கு உட்கார்த்தினேன்.

முதலில் ஒரு குறுக்குவழி. தலையையும் வாலையும் நறுக்கினால் போதும் என்றால் இவை மூன்றும் வேண்டாம், லாஸ்லெஸ்கட் என்ற சின்ன மென்பொருளே போதும். ஐ அடித்தால் தொடக்கம், ஓ அடித்தால் முடிவு, பிறகு ஏற்றுமதி. வீடியோவை மறுபடி என்கோடு செய்யாமல் அப்படியே துண்டாக்குவதால் பெரிய கோப்பும் சில நொடிகளில் முடியும், தரமும் குறையாது. ஆனால் வெட்டு கீஃபிரேமில், அதாவது வீடியோவில் இடையிடையே முழுதாகச் சேமிக்கப்பட்ட படத்தில்தான் விழும். நீங்கள் சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்கலாம். தலைப்பு எழுதவோ, குரலோடு இசையைக் கலக்கவோ முடியாது.

பார்த்தவுடன் பிடித்துப்போவது ஓப்பன்ஷாட். 2008இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஜொனாதன் தாமஸ் தொடங்கியது. இடப்பக்கம் கோப்புகள், வலப்பக்கம் முன்னோட்டம், கீழே டைம்லைன், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டை. கோப்பை இழுத்துக் கீழே போட்டால் வேலை தொடங்கிவிட்டது. அக்கா யாரிடமும் கேட்காமலே அதுவரை போய்விட்டார். கிளிப்பில் வலது சொடுக்கு செய்தால் ஒலியளவு, மங்கல் (ஃபேட்), சுழற்றல் எல்லாம் பட்டியலாக விரியும். ஏற்றுமதிப் பெட்டியும் பயமுறுத்தாது.

சிக்கல் கிளிப்புகள் கூடும்போதுதான். ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கினால் முன்னோட்டம் தத்தித் தத்தி ஓடும். பலவீனமான கணினியில் இது நன்றாகவே தெரியும். விசிலை எடுக்க, அது தொடங்கும் இடத்தில் வலது சொடுக்கு, ஸ்லைஸ், இரு பக்கமும் வைத்துக்கொள். முடியும் இடத்தில் மறுபடி அதே. அப்புறம் நடுத்துண்டை நீக்கி இடைவெளியை மூட வேண்டும். ஒரு விசிலுக்கு இது பரவாயில்லை. அக்காவின் வீடியோவில் ஒன்பது விசில்.

ஷாட்கட்டும் கேடென்லைவும் எம்எல்டி என்ற ஒரே இயந்திரத்தின் மேல் ஓடுபவை. ஒரே மாவில் ஒன்று தோசை, ஒன்று ஊத்தப்பம். எம்எல்டியை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் டென்னடிதான் ஷாட்கட்டையும் நடத்துகிறார்.

ஷாட்கட்டின் முதல் அரைமணி நேரம் கடுப்பேற்றும், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோப்பைத் திறந்தால் படம் ஓடும், ஆனால் டைம்லைனில் எதுவும் இருக்காது. முன்னோட்டத்தின் அடியில் சோர்ஸ், புராஜெக்ட் என்று இரண்டு தாவல்கள் உண்டு. சோர்ஸில் இருப்பது இன்னும் வேலைக்கு வராத சரக்கு. அதைக் கீழே இழுத்துப் போட்டால்தான் புராஜெக்ட். மேலே உள்ள டைம்லைன் பொத்தானை அழுத்தி அந்தப் பலகையைத் திறக்க வேண்டும் என்பதும் முதல் நாளில் யாருக்கும் தோன்றாது. அக்கா இந்த இடத்தில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வந்ததும் விசிலை வெட்டிக் காட்டினேன். விசில் தொடங்கும் இடத்தில் எஸ், முடியும் இடத்தில் எஸ், நடுத்துண்டைத் தொட்டு எக்ஸ். துண்டு போய்விடும், பின்னால் இருப்பது தானாக முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்று விசை, ஒரு சொடுக்கு. கிளிப்பின் மூலையில் இருக்கும் சிறு வட்டத்தை உள்ளே இழுத்தால் மங்கல். ஒரு கிளிப்பை அடுத்ததன் மேல் கொஞ்சம் ஏற்றினால் ஒன்று கரைந்து மற்றது வரும். ஏற்றுமதியில் யூடியூப் என்று பெயரிட்ட அமைப்பே தயாராக இருக்கிறது.

கேடென்லைவ் 2002இல் தொடங்கிய பழைய கை, கேடிஇ என்ற லினக்ஸ் மென்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. மூன்றில் அதிக வேலை தெரிந்தது இதுதான். முதல் கிளிப்பைச் சேர்க்கும்போது, புராஜெக்டின் அளவு இதோடு பொருந்தவில்லை, மாற்றட்டுமா என்று கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த மரியாதை இது. விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளின் துணையோடு பேச்சைக் கேட்டுத் துணை உரை எழுதவும் செய்யும். தமிழும் அதில் உண்டு, ஆனால் திருத்த உட்கார வேண்டும். வெட்ட ஷிஃப்ட்டோடு ஆர். துண்டை நீக்கியபின் இடைவெளியில் வலது சொடுக்கு செய்து அதையும் நீக்க வேண்டும். திரை முழுக்கப் பொத்தான்கள், பலகைகள். வாரம் ஒரு வீடியோ போடப் போகிறவர், எடிட்டிங்கைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர் என்றால் தயங்காமல் இங்கேயே தொடங்கலாம். வாழைப்பூவுக்கு இது அதிகம்.

டாவின்சி ரிசால்வ் என்ற பெரிய எடிட்டர் இலவசமாச்சே என்று யாராவது சொல்வார்கள். அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 என்ற வகை வீடியோக் கோப்புகளைத் திறக்காதது நெடுநாள் தலைவலி. பல போன்கள் எடுப்பதே அந்த வகைதான். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். பிட்டிவி என்ற இன்னொரு எடிட்டர் எளிமையானதுதான், ஆனால் வளர்ச்சி மெதுவாகிவிட்டது.

எதை எடுத்தாலும் இடிக்கும் இடம் ஒன்று உண்டு. போன் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும். எடிட்டரோ ஒரே சீரான வேகத்தை எதிர்பார்க்கும். விளைவு, பத்தாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். ஷாட்கட்டும் கேடென்லைவும் இதைக் கண்டுபிடித்து, எடிட்டுக்கு ஏற்ற வடிவில் மாற்றட்டுமா என்று கேட்கும். சரி சொல்லுங்கள், கோப்பு ஊதிப் பெருகும், வட்டில் இடம் இருக்கட்டும். வேறு எடிட்டர் என்றால் முன்கூட்டியே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியில் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ்த் தலைப்பு கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை நிறுவி, எடிட்டரை மூடித் திறங்கள். ஒரு எடிட்டரில் எழுத்துரு சரியாக இருந்தும் தமிழ் விசைப்பலகை உள்ளே எடுபடவே இல்லை. வெளியே உரைக் கோப்பில் அடித்து ஒட்டினேன், வந்துவிட்டது.

நிறுவும்போது உபுண்டு, மின்ட் களஞ்சியத்தில் இருப்பது பெரும்பாலும் பழைய பதிப்பாக இருக்கும். ஃபிளாட்ஹப் என்ற லினக்ஸ் செயலிக் கடையிலிருந்து எடுப்பது நல்லது. நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜை எடுத்துவந்து, அதைச் சொடுக்கியும் ஒன்றுமே நடக்கவில்லையா? முதலில் பண்புகளில் போய் இயக்க அனுமதி கொடுத்துப் பாருங்கள். உபுண்டு 22.04இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் அதற்கு வேண்டிய லிப்ஃபியூஸ்2 என்ற துணைத்தொகுப்பு இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

கடைசியில் அக்காவுக்கு ஷாட்கட்டைப் போட்டுக் கொடுத்தேன். போன ஞாயிறு போனபோது பார்த்தேன், மடிக்கணினியின் எஸ், எக்ஸ் இரண்டு விசைகளிலும் ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.