கேம்ரியா, அக்கார்டா, மாஸ்டா 6-ஆ? ஆறு வருட ஓட்டத்துக்குப் பிறகு

கார் வாங்குவதற்கு முன்னால் இரண்டு மாதம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த கார்), மறுபக்கம் ஹோண்டா அக்கார்டு ஹைப்ரிட், அடுத்த தாளில் மாஸ்டா 6. குதிரைத்திறன், டிக்கி, மைலேஜ், இருக்கை, ஹெட்லைட் என்று நாற்பது வரி இருக்கும். கடைசியில் வாங்கியது கேம்ரி. ஆறு வருடத்தில் 1,18,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. போன வாரம் காப்பீட்டுத் தாளைத் தேடும்போது அந்த நோட்டு கிடைத்தது. உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். நாற்பதில் பத்து வரிக்குத்தான் இத்தனை வருடத்தில் ஏதாவது வேலை இருந்திருக்கிறது. அந்தப் பத்தில் பாதியை வாங்கும்போது நான் சரியாகக் கவனிக்கவே இல்லை.

முதலில் வீணாய்ப் போன வரிகள். குதிரைத்திறனுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். 2018 மாடலாக வந்த அந்தத் தலைமுறையில் கேம்ரி ஹைப்ரிட்டின் மொத்தத் திறன் 208, அக்கார்டு ஹைப்ரிட்டுக்கு 212. நாலு குதிரைத்திறன் வித்தியாசத்துக்கு ஒரு பக்கம்! சக்கரங்களுக்கு இடையிலான நீளம் கேம்ரியில் 2825 மில்லிமீட்டர், மற்ற இரண்டிலும் 2830. அதற்கும் அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஒரே அளவுக்குள் போட்டி போடும் கார்கள் அட்டவணையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் நிற்கும். அந்த எண்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் விடை வராது.

டிக்கி அளவும் அப்படித்தான். லிட்டர் கணக்கை அளக்கும் முறை நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதனால் ஒரே காரின் டிக்கிக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் கிடைக்கும். கடைசியில் வீட்டில் இருந்த இரண்டு பெரிய பெட்டிகளையும் அம்மாவின் மடக்கு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அடங்கின. இந்த ஹைப்ரிட்டுகளின் முந்தைய தலைமுறையில் பேட்டரி பின் இருக்கைக்குப் பின்னால் இருந்ததால் டிக்கியில் இடம் போய்விடும். இவற்றில் அதை இருக்கைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள். பழைய கார் வாங்க நினைப்பவர்கள் இதை மட்டும் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் முடிவைத் தீர்மானித்த இடம் பின் இருக்கை.

முதல் டெஸ்ட் டிரைவுகளை நான் தனியாகத்தான் போனேன். எல்லாக் காரும் பிடித்தது. தனியாக ஓட்டினால் எல்லாக் காரும் பிடிக்கத்தான் செய்யும். இரண்டாம் சுற்றில் வீட்டில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, ஒரே சாலையில், ஒரே வேகத்தடைகள் மேல், ஒரே நாளில் மூன்றையும் ஓட்டினேன். அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வலி. காகிதத்தில் பின்புறக் கால் இடம் அக்கார்டில் 1026 மில்லிமீட்டர், கேம்ரியில் 965. ஆறு சென்டிமீட்டர் என்பது சாதாரண வித்தியாசம் இல்லை. அக்கார்டுதான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். ஆனால் அம்மா உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "உட்கார்றதுல என்னடா இருக்கு, எழுந்திரிக்கிறதுதான் கஷ்டம்" என்றார். மூன்று காரிலும் நாலு நாலு முறை ஏறி இறங்கினார். கால் இரண்டையும் வெளியே ஊன்றிக்கொண்டு, கதவைப் பிடிக்காமல் எழ முடிந்தது கேம்ரியில்தான். அவருடைய உயரத்துக்கும் அவருடைய முழங்காலுக்கும் அது பொருந்தியது, அவ்வளவுதான். நெட்டையான பிள்ளைகள் பின்னால் உட்காரும் குடும்பமாக இருந்தால் நானே அக்கார்டைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டும் ஹைப்ரிட் என்றாலும் உள்ளே நடப்பது வேறு வேறு. கேம்ரியில் 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் இரண்டு மின் மோட்டார்களும் ஒரு கிரகப் பற்சக்கரத் தொகுதியில் இணைந்திருக்கின்றன. பெல்ட் ஓடும் சிவிடி, அதாவது கியர் படிகளே இல்லாமல் வேக விகிதத்தை மாற்றும் அமைப்பு, அதில் இல்லை. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரோ, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ கிடையாது. அக்கார்டில் 2 லிட்டர் எஞ்சினுக்குப் பெரும்பாலான நேரம் ஜெனரேட்டரைச் சுற்றுவதுதான் வேலை. சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சினே நேரடியாகச் சக்கரத்தை இழுக்கும். ஓட்டும்போது இது தெரிகிறது. நகர நெரிசலில் அக்கார்டு கிட்டத்தட்ட மின்சாரக் கார் போல வழுக்கிக்கொண்டு போனது. கேம்ரியில் எஞ்சின் எழுவதும் அணைவதும் கொஞ்சம் கூடுதலாகக் காதில் விழுந்தது. மேட்டில் ஏற்றிச் சோதிக்காமல் எந்த ஹைப்ரிட்டையும் வாங்காதீர்கள். ஆள் நிறைந்து ஏற்றத்தில் போகும்போது வேகமும் எஞ்சின் சத்தமும் ஒன்றாக ஏறாது. சாதாரண கியர் காரில் பழகிய காதுக்கு அது முதலில் அந்நியமாக இருக்கும். எனக்கு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. என் மனைவிக்கு ஆறு மாதம் ஆனது.

மாஸ்டா 6 ஹைப்ரிட் இல்லை. 2.5 லிட்டர் பெட்ரோல், 13:1 அழுத்த விகிதம் (எரிவதற்கு முன் எஞ்சினுக்குள் காற்றுக் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு), ஆறு கியர் ஆட்டோமேட்டிக். மூன்றில் ஓட்டுவதற்கு எனக்கு மிகப் பிடித்தது அதுதான். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போதே எஞ்சினின் முறுக்கு விசையை ஒரு துளி குறைத்து, எடையை முன் டயர்கள் மேல் சாய்க்கும் ஏற்பாடு அதில் உண்டு. அது நடப்பது நமக்குத் தெரியாது. வளைவில் கையைத் திருத்த வேண்டியே வராது, அவ்வளவுதான் தெரியும். ஆனால் என் ஓட்டத்தில் முக்கால்வாசி நின்று நின்று போகும் நெரிசல். அங்கே ஹைப்ரிட்டோடு எரிபொருளில் போட்டி போட அதனால் முடியாது. மனசு கேட்கவில்லை, இருந்தாலும் விட்டுவிட்டேன்.

இதே அளவில் வரும் ஹூண்டாய் சொனாட்டாவையும் நிசான் அல்டிமாவையும் காகிதத்தில் மட்டும்தான் பார்த்தேன். சொனாட்டா ஹைப்ரிட் சிவிடி வழிக்கே போகாமல் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கையே வைத்திருக்கிறது. கியர் மாறுவது தெரிந்தால்தான் திருப்தி என்பவர்கள் அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். அல்டிமாவில் அழுத்த விகிதத்தையே 8:1 முதல் 14:1 வரை ஓட்டத்திலேயே மாற்றும் டர்போ எஞ்சின் ஒன்று வந்தது. பொறியியல் ஆர்வம் உள்ளவர்கள் அது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படியுங்கள், அருமையான யோசனை.

அடுத்து, நான் கவனிக்காமல் விட்டதிலேயே பெரிய விஷயம்: சக்கரம். எந்தக் கார் என்று இரண்டு மாதம் யோசித்தவன், அந்தக் காரிலேயே அடிப்படை வகையா உயர் வகையா என்று பத்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. பார்க்க அழகாக இருக்கிறது என்று 18 அங்குலச் சக்கரம் போட்ட உயர் வகையை எடுத்தேன். அதன் டயர் 235/45. அடிப்படை ஹைப்ரிட் வகையில் வந்தது 16 அங்குலச் சக்கரமும் 205/65 டயரும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; இரண்டாவது, அதில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 235-இல் 45 சதவீதம் என்றால் டயரின் பக்கச்சுவர் 106 மில்லிமீட்டர். 205-இல் 65 சதவீதம் என்றால் 133. பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்ள இருக்கும் ரப்பரில் 27 மில்லிமீட்டர் குறைவு. வேகத்தடையிலும் தார் பெயர்ந்த இடத்திலும் அந்த 27 மில்லிமீட்டர் நேராக முதுகுக்கு வருகிறது.

மைலேஜிலும் வகைக்கு வகை எவ்வளவு வித்தியாசம் என்று அப்புறம்தான் புரிந்தது. அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கில் அந்தத் தலைமுறை கேம்ரி ஹைப்ரிட்டின் அடிப்படை வகைக்கு ஒரு கேலனுக்கு 52 மைல், உயர் வகைகளுக்கு 46. லிட்டருக்கு 22 கிலோமீட்டர் எங்கே, 19.6 எங்கே! சக்கரம் மட்டும் காரணமில்லை. எடையும் பேட்டரியின் வகையும் சேர்ந்ததுதான். ஆனாலும் ஒரே பெயர் போட்ட காருக்குள்ளேயே இத்தனை இடைவெளி. அதே சோதனையில் அக்கார்டு ஹைப்ரிட்டுக்கு 47. அதாவது "கேம்ரியா அக்கார்டா" என்ற கேள்விக்கு, எந்தக் கேம்ரி என்று சொல்லாமல் பதிலே கிடையாது.

மூன்றாம் வருடம் ஒரு மழை நாளில் தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் இறங்கி ஒரு டயரின் பக்கவாட்டில் வீக்கம் வந்துவிட்டது. பக்கச்சுவர் வீங்கினால் பஞ்சர் ஒட்டுவது போல ஒட்ட முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். மற்ற டயர்களும் தேய்ந்திருந்ததால், அடுத்த சில மாதத்தில் நாலையும் 17 அங்குலச் சக்கரத்துக்கு மாற்றினேன், 215/55 டயரோடு. வெளிவிட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அதனால் வேகமானி தப்பாகக் காட்டவில்லை. டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் குறிக்கும் சுமை எண் குறையாமல் பார்த்துக்கொண்டேன். நீங்களும் பாருங்கள், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. மாற்றிய அன்று மாலை அம்மா "கார் புதுசு மாதிரி இருக்கே" என்றார். அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

டேங்க் நிரப்பும்போதெல்லாம் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. ஆறு வருடச் சராசரி லிட்டருக்கு 18.7 கிலோமீட்டர். நெரிசலில் 20-ஐத் தொட்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் 110-க்கு மேல் பிடித்தால் 17-க்கு இறங்கிவிடும். சாதாரண காருக்கு இது தலைகீழ். உங்கள் ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலை என்றால், ஹைப்ரிட்டால் கிடைக்கும் லாபம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பராமரிப்பில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே முதலில் வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்கிக்கொள்வதால் பிரேக் பேடுகள் தேய்வது மிக மெதுவாக நடக்கும். 60,000 கிலோமீட்டரில் ஒரு சர்வீஸ் மையத்தில் "பேடு முடிந்துவிட்டது, மாற்றிவிடலாம்" என்றார்கள். கழற்றி அளந்து காட்டச் சொன்னேன். முன்பக்கம் 8 மில்லிமீட்டர் இருந்தது. அதே பேடுகள்தான் இன்றும் ஓடுகின்றன. ஆனால் தேயவில்லை என்பதற்காக அப்படியே விட்டுவிடக் கூடாது. அதிகம் வேலை இல்லாததாலேயே, பேடுகளை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசிகள் இறுகிப்போக வாய்ப்பு உண்டு. வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்கிறேன். பிரேக் ஆயிலைக் கிலோமீட்டர் பார்க்காமல் வருடக் கணக்கில் மாற்றுகிறேன்.

இரண்டாவது, பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று வழி. அது பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. ஒரு கோடையில் பின்னாலிருந்து விசிறிச் சத்தம் பலமாகக் கேட்கத் தொடங்கியது. குனிந்து பார்த்தால் மகளின் பையும் ஒரு போர்வையும் அந்தத் திறப்பை முழுக்க அடைத்திருந்தன. எடுத்ததும் சத்தம் அடங்கியது. உள்ளே இருக்கும் வடிகட்டியைக் கழற்றினால் தூசி அப்பியிருந்தது. சர்வீஸ் பட்டியலில் யாரும் இதைச் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு சர்வீஸிலும் நானே கேட்டுச் சுத்தம் செய்ய வைக்கிறேன்.

மூன்றாவது, 12 வோல்ட் பேட்டரி. அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது இந்தச் சின்னதைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஆனால் காரின் கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியின் இணைப்பைப் போடுவது இதுதான். இருபத்தைந்து நாள் ஊரில் இல்லாமல் வந்து பொத்தானை அழுத்தினால் கார் எழவே இல்லை. இப்போது நீண்ட பயணம் போனால், வாரம் ஒருமுறை காரை 'ரெடி' நிலையில் அரை மணி நேரம் வைக்கச் சொல்லிவிட்டுப் போகிறேன். விளக்கை மட்டும் எரியவிடும் நிலையில் வைத்தால் பேட்டரி இன்னும் இறங்கிவிடும், அதைக் கவனியுங்கள்.

இதெல்லாம் போக, எஞ்சினிலோ மோட்டாரிலோ ஒரு தொல்லை வரவில்லை. திரும்பவும் அதே நாளில் அதே மூன்று கார்களுக்கு நடுவில் நின்றால் கேம்ரியைத்தான் எடுப்பேன், அடிப்படை வகையில்.

ஆனால் நான் அந்த நாளில் இல்லை. மாஸ்டா 6-இன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அக்கார்டு 2023-இல் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டது. 2025 மாடல் கேம்ரி அமெரிக்காவில் ஹைப்ரிட்டாக மட்டுமே வருகிறது. வீட்டிலும் மாறிவிட்டது. வாங்கும்போது பத்து வயதாக இருந்த மகள் இப்போது என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவள் முழங்கால் என் முதுகில் இடிக்கிறது. அன்று அம்மாவுக்குத் தேவைப்படாத அந்த ஆறு சென்டிமீட்டர் இன்று அவளுக்கு வேண்டும். அடுத்த காருக்கு நோட்டைத் திறக்கும்போது அம்மாவை ஒரு பக்கமும் அவளை மறுபக்கமும் உட்கார வைத்துவிட்டுத்தான் முதல் வரியை எழுதுவேன்.