சொந்தமாக மாட்டிய முதல் ரைஃபிள்: ஆறு வருடம் கழித்து

2019 அக்டோபரில், ஹியூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் எங்கள் வீட்டு கராஜில் உட்கார்ந்து, ஒரு ஏஆர்-15 ரைஃபிளைப் பாகம் பாகமாக வாங்கி நானே மாட்டினேன். அதற்கு முன் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருந்ததில்லை. நண்பர்களோடு ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் தளத்துக்கு) போய் அவர்களுடையதைச் சுட்டிருக்கிறேன், அவ்வளவுதான். நான் மாட்டியதில் இன்றுவரை கிட்டத்தட்ட 6,000 தோட்டா போயிருக்கிறது. ஒரு பழைய டைரியில் கணக்கு வைத்திருக்கிறேன். மாதம் ஒன்றிரண்டு முறை ரேஞ்ச், எப்போதாவது ஒரு நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றி. 2021-ல் அதே வகையில், கம்பெனியிலேயே முழுதாகச் செய்து வரும் ரைஃபிள் ஒன்றையும் வாங்கினேன். ஆக, இரண்டு வழியிலும் வந்தவை ஒரே பெட்டகத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

முதல் ரைஃபிளை வாங்குவதா, அசெம்பிள் செய்வதா என்று யாராவது கேட்டால் முழுதாக வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். நான் அப்படிச் செய்யவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். எச்-1பி மாதிரி விசாவில் இருக்கும்வரை அமெரிக்க மத்திய சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு என்று ஒரு வழி இருக்கிறது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை; கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைக்கே போனேன். அங்கே 4473 என்று ஒரு படிவம் தருவார்கள். பெயரை முழுதாக எழுதச் சொல்லும். நம் ஊர்க்காரனுக்கு அங்கேதான் முதல் வியர்வை. உங்கள் சட்டபூர்வப் பெயரில் வெறும் இன்ஷியல்தான் இருக்கிறது என்றால், அதன் பக்கத்தில் 'ஐஓ' என்று எழுத வேண்டும்; இன்ஷியல் மட்டுமே என்று அர்த்தம். கவுண்டரில் இருந்த பெண் சொல்லித்தான் தெரியும். பின்னணிச் சோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார்கள். எனக்கு 'டிலே' என்று வந்து, மூன்று வேலை நாள் காத்திருந்தேன்.

இவ்வளவும் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஓர் அலுமினியத் துண்டுக்கு. ஏஆர்-15-ல் லோயர் ரிசீவர் என்கிற அந்த ஓர் உறுப்புதான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. சீரியல் நம்பர் அதில்தான் இருக்கும். குழல், போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் பகுதி), ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை), டிரிகர் எல்லாம் டயப்பர் பெட்டியோடு சேர்ந்து வீட்டு வாசலுக்கே வந்துவிடும். (இது டெக்சாஸ் கதை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சிக்காரர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும், அங்கே கதையே வேறு.)

இந்த ரைஃபிளை 1950-களின் பின்பாதியில் ஆர்மலைட் என்ற கம்பெனியில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்தார். ஏஆர் என்பது அந்தக் கம்பெனிப் பெயரின் சுருக்கம்தான். 1959-ல் உரிமை கோல்ட் கம்பெனிக்குப் போனது. 1977-ல் காப்புரிமை காலாவதியாக, அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. அதனால்தான் ஒருவர் செய்த குழல் இன்னொருவர் செய்த உடம்பில் பொருந்துகிறது. பெரும்பாலும் பொருந்துகிறது. அந்தப் 'பெரும்பாலும்' எனக்கு நான்கு மாதத்தைத் தின்றது.

லோயரை மாட்டுவது உண்மையிலேயே சுலபம். ஒரே ஒரு இடம் தவிர. மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இணைக்கும் முன்பக்கத்துப் பின் ஆடாமல் நிற்க, நெல்மணி அளவில் ஓர் எஃகுத் துண்டும் அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங்கும் போக வேண்டும். ஸ்பிரிங்கை நுழைத்து, நெல்மணியை மேலே வைத்து, ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறு கையால் பின்னைத் தள்ள வேண்டும். தள்ளினேன். வழுக்கியது. வாட்டர் ஹீட்டர் பக்கம் 'டிங்' என்று ஒரு சத்தம். இரவு பதினொன்றே காலுக்கு நானும் என் மனைவியும் செல்போன் வெளிச்சத்தில் கராஜ் தரையைத் தடவிக்கொண்டிருந்தோம். "என்னங்க, இது ஒண்ணு இல்லாட்டி சுடாதா?" என்றாள். நியாயமான கேள்வி. காந்தத்தை நூலில் கட்டித் தரையெல்லாம் இழுத்துப் பார்த்தேன். இரண்டு ஆணியும் ஒரு ஹேர்பின்னும் கிடைத்தன. ஐந்து டாலர் கொடுத்து இன்னொரு செட் வரவழைக்க நாலு நாள் ஆனது. இதை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்தால் பறந்தாலும் பைக்குள்தான் விழும் என்பது பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம்.

போல்ட்டைப் பின்னால் பிடித்து நிறுத்தும் போல்ட் கேட்சின் பின்னைத் தட்டும்போது இடது பக்கத்தில் ஒரு கீறல் விழுந்தது. டேப் ஒட்டியிருக்கலாம்.

உண்மையான வேலை அப்பரில்தான், அதாவது குழலும் போல்ட்டும் இருக்கும் மேல்பாதியில். குழலை உடம்போடு பிடிக்கும் நட்டை 30-லிருந்து 80 அடி-பவுண்டுக்குள் முறுக்க வேண்டும். அதற்கு வைஸ், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், உடம்பு நசுங்காமல் பிடிக்க ஒரு பிளாக். இவை எதுவும் என்னிடம் இல்லை. வாங்கினேன். நட்டு நன்றாகவே உட்கார்ந்தது. கோளாறு காஸ் பிளாக்கில் வந்தது.

சுடும்போது குழலின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கொஞ்சம் வாயு மேலே வரும். காஸ் பிளாக் அதைப் பிடித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பின்னால் அனுப்பும். அந்த அழுத்தத்தில்தான் போல்ட் பின்வாங்கி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. குழல் ஓட்டையும் பிளாக் ஓட்டையும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். குழலில் அதற்கென்று ஒரு படி வெட்டியிருக்கும். நான் பிளாக்கை அந்தப் படியோடு ஒட்டி நன்றாக நெருக்கித் தள்ளித் திருகை இறுக்கினேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

ரேஞ்சில் முதல் நாள். முதல் தோட்டா சுட்டது. இரண்டாவது சுட்டது. மூன்றாவதில் காலிக் கூடு பாதியில் மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டுச் சுட்டால் ஐந்தாவதில் மறுபடியும். மேகஸின் (தோட்டா அடுக்கும் பெட்டி) காலியானால் போல்ட் பின்னாலேயே நிற்க வேண்டும், அதுவும் நிற்கவில்லை. விலையும் அழுத்தமும் கூடிய 5.56 தோட்டா போட்டால் ஒழுங்காக ஓடியது, அதே அளவில் வரும், அழுத்தம் குறைந்த மலிவான .223 போட்டால் தகராறு.

முதல் ரைஃபிளை நாமே மாட்டுவதில் இருக்கும் உண்மையான தொல்லையை நான் இந்த இடத்தில்தான் புரிந்துகொண்டேன். தோட்டா மேல் சந்தேகம். மேகஸின் மேல் சந்தேகம். மாட்டிய கை மேல் சந்தேகம். தோளில் சரியாக அழுத்திப் பிடிக்கவில்லையோ என்று என் மேலேயே சந்தேகம். ஒழுங்காக ஓடும் ரைஃபிள் கையில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவனுக்கு இது பத்து நிமிட வேலை. எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இல்லை. புது மேகஸின் மூன்று வாங்கினேன். ஸ்பிரிங் மாற்றினேன். பிளாக் விற்ற கம்பெனிக்கு எழுதினேன். எங்கள் பொருளில் குறை இல்லை, குழல் செய்தவரைக் கேளுங்கள் என்றார்கள். குழல் செய்தவர், பிளாக் விற்றவரைக் கேட்கச் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான் என்பதுதான் வேடிக்கை.

ஜனவரியில் ஒரு நாள் பக்கத்து பெஞ்சில் இருந்த வயதானவர் ரைஃபிளைப் பார்க்கவே இல்லை, தரையில் கிடந்த காலிக் கூடுகளைத்தான் பார்த்தார். ஒழுங்காக ஓடினால் கூடு வலப்பக்கம் மூன்று, நாலு மணித் திசையில் போய் விழ வேண்டும். என்னுடையவை ஐந்து மணித் திசையில், காலடியிலேயே குவிந்திருந்தன. காஸ் பத்தவில்லை என்றார். வீட்டுக்கு வந்து பிளாக்கைக் கழற்றிப் பார்த்தால், கரி படிந்த வட்டம் ஓட்டையிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி இருக்கிறது. பழைய மாடல்களில் குழலின் படிக்கும் பிளாக்குக்கும் நடுவில் கைப்பிடி உறையின் மூடி ஒன்று வரும். அந்த மூடியின் கனத்தைக் கணக்கில் வைத்துத்தான் என் குழலில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். என்னுடைய கைப்பிடி புது மாதிரி, மூடியே கிடையாது. ஆகவே பிளாக்கை நெருக்கித் தள்ளியிருக்கக் கூடாது, 0.03 அங்குல இடைவெளி விட்டிருக்க வேண்டும். அது சரியாக ஓர் ஏடிஎம் கார்டின் கனம். கார்டை நடுவில் வைத்து, பிளாக்கை ஒட்டி, திருகை இறுக்கி, கார்டை உருவினேன். அன்றிலிருந்து இந்த 6,000-ல் மாட்டிக்கொண்டவை மொத்தம் பதினொன்று, அதில் ஏழு ஒரே பாடாவதி மேகஸினால்.

சரி, காசு மிச்சமாயிற்றா? இல்லை. பாகங்கள் மட்டும் 730 டாலர். வைஸ், ரெஞ்ச், பஞ்ச் எல்லாம் சேர்ந்து 170. தொலைந்த நெல்மணி, தேவையில்லாத மேகஸின், ஸ்பிரிங் எல்லாம் இன்னொரு 80. அந்த வருடம் ரூகரின் ஏஆர்-556, ஸ்மித் அண்ட் வெஸனின் எம் அண்ட் பி 15 ஸ்போர்ட் மாதிரி ரைஃபிள்கள் 600 டாலர் சுற்றிக் கடையில் கிடைத்தன. ஆயிரக்கணக்கில் குழல் வாங்குகிறவனோடு ஒரு குழல் வாங்குகிறவன் விலையில் போட்டி போட முடியாது. விற்கப் போனாலும் அதே கதைதான். கம்பெனிப் பெயர் பொறித்த ரைஃபிளுக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு, என்னுடையதைப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "யார் மாட்டினது?"

வாங்கினாலும் மாட்டினாலும் மறந்துபோகிற செலவு பெட்டகம். வீட்டில் குழந்தை இருக்கிறது. டெக்சாஸில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குப் போனால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பேன். என் மனைவி போட்ட ஒரே நிபந்தனை அது: முதலில் பெட்டகம் வரட்டும், அப்புறம் மற்றது.

2021-ல் வாங்கிய கம்பெனி ரைஃபிளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. பெட்டியைத் திறந்தேன், குழலைத் துடைத்தேன், எண்ணெய் விட்டேன், முதல் நாளே 300 சுட்டேன். ஒன்றும் ஆகவில்லை. 2020-ல் தோட்டா விலை ஏறிய ஏற்றத்தில், முப்பது சொச்சம் சென்ட்டுக்கு வாங்கியது ஒரு டாலரைத் தொட்ட சமயத்தில், எனக்குக் கையில் இருந்திருக்க வேண்டியது இதுதான். அதற்கு முன்பே, கோளாறு தேடியே நான் 200 தோட்டாவுக்கு மேல் வீணாக்கியிருந்தேன்.

ஆனாலும் ரேஞ்சுக்குக் கிளம்பும்போது கை போவது நான் மாட்டியதன் மேல்தான். காரணம் பாசம் மட்டும் இல்லை. கம்பெனி ரைஃபிளில் காஸ் குழாய் குட்டை. உதை சுருக்கென்று இருக்கும். என்னுடையதில் அதைவிட நீளமானதைத் தேர்ந்தெடுத்தேன், உதை மெத்தென்று வருகிறது. துருப்பிடிக்காத எஃகுக் குழல், .223-ம் 5.56-ம் இரண்டும் ஏற்கும் '.223 வைல்டு' சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), தோட்டாவைச் சுழற்ற குழலுக்குள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்கும் வரிகள். 69 கிரெய்ன் எடையுள்ள தோட்டாவில் 100 கஜத்தில் ஐந்து ஓட்டையும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழும். கம்பெனி ரைஃபிள் இரண்டு அங்குலத்துக்குக் கீழே இறங்கியதில்லை. இப்படி வேண்டும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததா என்றால், இல்லை. குருட்டு அதிர்ஷ்டம். இரண்டு வருடம் ஒன்றைச் சுட்ட பிறகுதான் நமக்கு என்ன வேண்டும் என்றே தெரிகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. போன வருடம் கம்பெனி ரைஃபிள் காலிக் கூட்டை இழுக்கத் திணறியது. கூட்டைக் கவ்வி இழுக்கும் கொக்கியின் (எக்ஸ்ட்ராக்டர்) ஸ்பிரிங் என்று பார்த்ததும் தெரிந்தது. சில டாலர்தான், சாப்பாட்டு மேஜையில் வைத்தே மாற்றிவிட்டேன்.

போன மாதம் கூட வேலை செய்யும் பையன் ஒருவன், "அண்ணா, எனக்கு கையால செஞ்சாத்தான் திருப்தி, வாங்கச் சொல்லாதீங்க" என்றான். அவனுக்குச் சொன்ன வழி: லோயரை நீயே மாட்டு, அப்பரை முழுதாக வாங்கு. குழல், காஸ் பிளாக், போல்ட் இடைவெளி எல்லாம் கம்பெனியில் சரிபார்த்து வரும். கை அரிப்பும் தீரும், நெல்மணியும் தொலையும், ஆனால் ஏடிஎம் கார்டு தேவைப்படாது.

என் குழல் இப்போது களைத்துவிட்டது. அதே தோட்டா, அதே தூரம், ஐந்து ஓட்டையும் இரண்டரை அங்குலத்துக்கு விரிகின்றன. குழலை மட்டும் வாங்கி நானே மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வைஸைத் தூக்கி மேஜை மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திரும்ப அலமாரிக்குள் வைத்துவிட்டு, முழு அப்பராக ஆர்டர் போட்டேன். வியாழக்கிழமை வருகிறது.