ட்ரிப்ஸா, ஓ.ஆர்.எஸ். கரைசலா?

ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயிற்றுப்போக்கு என்றால், ‘ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா சரியாயிரும்லா’ என்பார்கள். ஊசி ஏறினால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, முகாமில் எங்கள் பெரியம்மா கேட்டதும் அதைத்தான்.

ட்ரிப்ஸ் வேகமானது. மயங்கிக் கிடப்பவருக்கும், விடாமல் வாந்தி எடுப்பவருக்கும் அதுதான் வழி. ஆனால் சுத்தமான ஊசி, நரம்பு பிடிக்கத் தெரிந்த கை, பாட்டில் இருப்பு எல்லாம் வேண்டும்.

1971 வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பாங்கான் அகதி முகாமில் காலரா பரவ, அந்த இருப்புதான் தீர்ந்தது. டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த தண்ணீரை, அதாவது ஓ.ஆர்.எஸ். கரைசலை, டிரம்களில் வைத்தார். கூட இருந்த சொந்தக்காரர்களே டம்ளர் டம்ளராகப் புகட்டினார்கள். 20-30 சதவீதம் வரை இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நர்ஸ் கூட தேவைப்படாத மருந்து! என் ஓட்டு இதற்குத்தான்.

ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கண்ணளவு கூடாது. பெரியம்மா முதல் மடக்கிலேயே முகம் சுளித்தாள்: ‘உப்பு கரிக்குல்லா!’ அப்புறம் செம்பை அவளே வாங்கிக்கொண்டாள்.