பெட்டியோடு முழு செட் என்று கார்கி பாண்ட் கார் விற்கிறார்களா? அடித்தட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வட்டாரத்தில் பழைய பொம்மைக் கார் சேகரிப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. "முழு செட் சார், எல்லாமே கம்பெனியில் வந்தது, பெட்டியோடு இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு, கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகே டீக்கடையில் வைத்துக் கைமாற்றும் வியாபாரி ஒருவர் இருக்கிறார். புகார் நடப்பில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. அவருடைய கைவேலையை எழுதினாலே போதும், ஏற்கெனவே அவரிடம் வாங்கியவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும்.

நான் வாங்கியது கார்கி என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கார் கம்பெனியின் ஜேம்ஸ் பாண்ட் ஆஸ்டன் மார்ட்டின். எண் 261, 1965ஆம் ஆண்டு வெளிவந்தது. படத்தில் ஓடிய கார் வெள்ளி நிறம். பொம்மைக்குத் தங்க நிறம் பூசினார்கள். எக்ஸாஸ்ட் குழாயை அமுக்கினால் பின்னால் குண்டு தடுக்கும் தகடு எழும். முன்னால் இரண்டு துப்பாக்கிகள் நீளும். பக்கத்து விசையைத் தட்டினால் கூரைக் கதவு திறந்து, இருக்கையில் இருக்கும் வில்லன் வெளியே பறப்பான். பெட்டிக்குள் ஒரு சின்ன உறை. அதில் ரகசியக் குறிப்புத் தாளும், உபரியாக இன்னொரு வில்லனும், சட்டையில் ஒட்டிக்கொள்ளும் 007 பேட்ஜும் இருக்கும்.

விலையின் சூட்சுமம் இந்தச் சில்லறைச் சாமான்களில்தான் இருக்கிறது. பறக்கும் ஆள் பறந்துதான் போவான். கட்டிலுக்கடியில் போனவன், சாக்கடையில் விழுந்தவன் திரும்பி வரவா போகிறான்? உறையைக் குழந்தைகள் முதல் நாளே கிழித்திருப்பார்கள். பேட்ஜ் சட்டையோடு சலவைக்குப் போயிருக்கும். எனவே கார் மட்டும் கிடைப்பது ஒன்றும் அபூர்வமில்லை. ஆளும் உறையும் பெட்டியும் சேர்ந்து கிடைத்தால்தான் விலை எகிறுகிறது. அந்த இடைவெளியை நிரப்பவே பிற்காலத்தில் செய்த மாற்று உதிரிகள் வருகின்றன: ஆள், கூரைக் கதவு, டயர், உறை, பெட்டி எல்லாமே புதிதாகக் கிடைக்கும்.

மாற்று உதிரிகள் மேல் எனக்குப் பகை கிடையாது. அறுபது வருஷத்து ரப்பர் டயர் வெடித்துப் போனால் புது டயர் மாட்டாமல் என்ன செய்வது? என் அலமாரியிலேயே மாற்று டயர் போட்ட டிங்கிகள் (டிங்கியும் பழைய பிரிட்டிஷ் பொம்மைக் கார்தான்) நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். பத்து ரூபாய்ச் சாமானை ஆயிரம் ரூபாய்ச் சாமான் என்று சொல்லி விற்பதுதான் திருட்டு. இந்த மனிதர் செய்தது அதுதான்.

22,000 ரூபாய் கொடுத்தேன். வாங்கும் முன் கேட்டதற்கு, எல்லாம் அந்தக் காலத்துச் சாமான் என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு கதை: தங்கவயல் சுரங்க பங்களாவில் ஒரு துரை 1955இல் கப்பலேறும்போது சமையல்காரர் வீட்டில் விட்டுப்போனதாம். மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டதே 1956இல்தான், துரைமார் கிளம்பிய கதையை ஓரளவு நம்பலாம். ஆனால் கார்கி என்ற பெயரில் பொம்மை வரத் தொடங்கியதும் அதே 1956இல்தான். பிறக்காத குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டுப் போன துரை போலிருக்கிறது! பழைய சாமான் விற்பவர்கள் எல்லோரும் கதை சொல்வார்கள், அதைக் காதில் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது வழக்கம். நான் காசு கொடுத்தது உறைக்கும் ஆளுக்கும் பெட்டிக்கும்.

வீட்டில் வைத்து விசையைத் தட்டினேன். கூரை 'டப்' என்று திறந்தது. ஆள் அசையவில்லை. மறுபடி தட்டினாலும் அதே கதை. இருக்கை துள்ளுகிறது, ஐயா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். எடுத்து உள்ளங்கையில் வைத்தால் கனம். கம்பெனி ஆள் பிளாஸ்டிக். இவனோ வெள்ளை உலோகத்தில் வார்த்துச் சாயம் பூசியவன். அந்தச் சின்ன ஸ்பிரிங்கால் அவனைத் தூக்க முடியவில்லை.

ஓசூர் சிப்காட்டில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரிடம் காரை எடுத்துப் போனேன். அவர் பொம்மை சேகரிப்பவர் அல்ல, இரும்பு தெரிந்தவர். கண்ணில் லென்ஸை வைத்துக் காரைக் கவிழ்த்தார். இந்தக் கார்களில் உடலோடு சேர்த்து வார்த்த முளைகள் அடித்தட்டின் துளை வழியே வெளியே வரும். அவற்றின் தலையை நசுக்கித் தட்டைப் பூட்டுவார்கள். பிரித்து மாட்ட வேண்டுமென்றால் அந்தத் தலையை டிரில் போட்டு எடுத்தாக வேண்டும், வேறு வழியில்லை. "தம்பி, இங்கே பாருங்கள். தலை தனி, தண்டு தனி. பழைய முளையைக் குடைந்துவிட்டுப் புது ரிவெட்டைப் பசை போட்டு இறக்கியிருக்கிறார்கள்" என்றார். லென்ஸ் வழியே நானும் பார்த்தேன். ரிவெட்டைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு பளபளப்பான வளையம், டிரில் முனை தட்டை உரசிய தடம். மற்ற இடமெல்லாம் வயதுக்கேற்ற மங்கல்.

பிறகு காரை வெயிலில் வைத்தோம். கூரைக் கதவின் தங்க நிறம் உடலின் தங்க நிறத்தோடு சேரவில்லை. கதவு ஒரு சாயல் மஞ்சளாக இருந்தது. டியூப் லைட் வெளிச்சத்தில் இது தெரியாது. டீக்கடையின் உள்மேசைக்கு அவர் என்னை அழைத்துப் போனது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

உறையின் கதை இன்னும் மோசம். அதன் வலது மூலையில் டீ சிந்திய மாதிரி ஒரு கறை. கறைபட்ட தாள் அந்த இடத்தில் சற்று உப்பியோ சுருங்கியோ இருக்கும். இது வழவழவென்று இருந்தது. லென்ஸில் பார்த்தால் கறை முழுவதும் பொடிப்பொடியான வண்ணப் புள்ளிகள். கறையும் அச்சு! யாரோ ஒரு பழைய உறையை ஸ்கேன் செய்து, கறையோடு சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். தர்மபுரியில் இருக்கும் நண்பர் ஒருவரும் இவரிடம் வாங்கியிருந்தார். அவருடைய உறையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அதே மூலை, அதே கறை. அவருடைய கார் மட்டும் ஏற்காடு எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்ததாம்.

பெட்டியின் உள்மடிப்பில் ஒரு கீற்று கத்தரிக்கப்பட்டிருக்கிறது. நேர்மையாக மாற்றுப் பெட்டி அச்சடிப்பவர்கள் பலர் இது மறுபதிப்பு என்று உள்ளே சிறிதாகக் குறிப்பிடுவதுண்டு. இங்கே வெட்டி எடுத்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போனில் கேட்டேன். முதலில், "கார் அந்தக் காலத்துக் கார்தானே சார், அதை நீங்கள் மறுக்கவில்லையே" என்றார். உறையைப் பற்றிக் கேட்டதும், "எனக்கு வந்தபடி உங்களுக்குக் கொடுத்தேன்" என்றார். தர்மபுரி உறையின் படத்தை அனுப்பியதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், 9,000 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். எடுத்து என்ன செய்வார்? இன்னொருவருக்கு 22,000 ரூபாய்க்கு விற்பார். கொடுக்க மறுத்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் பொதுவாகக் கேட்காதீர்கள். ஆள், கூரைக் கதவு, டயர், உறை, பெட்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைகளில் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கும் உதவும், ஆனால் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அந்த விளக்கில் மின்னும் வெண்மையூட்டி என்ற ரசாயனத்தை 1950களிலேயே தாளில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள், அதனால் 1965ஆம் ஆண்டுப் பெட்டி மின்னினாலே போலி என்று சொல்லிவிட முடியாது. ஒரே காரின் இரண்டு பாகங்கள் அந்த விளக்கில் இரண்டு விதமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். என் காரில் கூரைக் கதவு அப்படித்தான் காட்டிக்கொடுத்தது.

இவர் வாங்கும்போது இதற்கு நேர்மாறான வித்தை செய்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிங்கியின் வார்ப்பு அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, 1960களின் இறுதியில் 'நிக்கி' என்ற பெயரில் கார்கள் வெளிவந்தன. அடித்தட்டில் டிங்கி பெயரை அரைகுறையாக அழித்த தழும்பு இருக்கும். அந்தத் தழும்பைக் காட்டி "இது டூப்ளிகேட்" என்று சொல்லி, விவரம் தெரியாத வீடுகளில் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போகிறாராம். உங்கள் வீட்டுப் பரணில் நிக்கி இருந்தால் விலை விசாரிக்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். தொழிலாக விற்பவர் மீது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க முடியும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் வழி கேட்டுக்கொள்ளலாம். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், எனக்குக் கையில் இருக்கும் பெரிய ஆதாரமே அதுதான்.

இப்போது அவர் வெள்ளி நிற பாண்ட் கார் ஒன்றை விற்பனைக்கு விட்டிருக்கிறார். எண் 270, டயர் கிழிக்கும் கத்தியும் சுழலும் நம்பர் பிளேட்டும் வைத்த 1968ஆம் ஆண்டு மாடல். முன், பின், பக்கவாட்டு, பெட்டி, உறை என்று படங்கள் சுற்றுகின்றன. அடித்தட்டின் படம் ஒன்றுகூட இல்லை. ஓசூர் நண்பர் ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார். "கண்ணாடி அலமாரியில் வைக்கப் போகிறீர்கள், கீழே யார் சார் பார்க்கப் போகிறார்கள்?" என்று பதில் வந்ததாம்.