டக்ஸ்ஃபோர்டு: நிற்கிற விமானமும் பறக்கிற விமானமும் ஒரே டிக்கெட்டில்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே இருக்கிறது டக்ஸ்ஃபோர்டு விமான அருங்காட்சியகம். போகிறவர்கள் முதலில் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கட்டடம் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அது ஒரு முழு விமானத்தளம். இரண்டாம் உலகப் போரில் பேர்போன பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர், 1938இல் முதன்முதலாகப் படைச் சேவைக்கு வந்து இறங்கிய இடம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் இருக்கும் அமெரிக்க விமானக் கூடம் வரை ஒவ்வொரு ஹேங்கராக (விமானக் கொட்டகை) ஏறி இறங்கினால், என் வயதில் முட்டி தனியாகப் பேச ஆரம்பித்துவிடும்.

நான் பஸ் டிப்போவில் இஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் எல்லோரும் அண்ணாந்து இறக்கையைப் பார்க்கும்போது என் கண் தரைக்குத்தான் போகும். காட்சிக்கு நிற்கும் விமானங்களின் அடியில் தரை பளிச்சென்று இருக்கிறது. இரண்டாவது ஹேங்கரில் பறக்கிற விமானங்கள். அங்கே மூக்குக்கு மூக்கு ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் கறுப்பாக எண்ணெய். சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய இஞ்சின் என்றால் நிற்கும்போதே கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். ஸ்டார்ட் செய்யும் முன் புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பது அதற்காகத்தான். பார்க்காமல் ஸ்டார்ட் கொடுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். அந்த வாசனை இல்லாத அருங்காட்சியகத்தில் எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பொழுது போகாது.

பழைய விமானத்தைப் பறக்கவிடுவதா, நிறுத்தி வைப்பதா என்று கூட வந்த மாப்பிள்ளை கட்சி கட்டிப் பேசினார். "ஓடாத வண்டியைக் காயலான் கடையிலும் பார்க்கலாமே மாமா. பறந்தால்தானே விமானம்?" இஞ்சின்காரன் என்பதால் நானும் அவர் பக்கம் நிற்பேன் என்று எதிர்பார்த்தார். பாதிதான் நின்றேன்.

ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாயிரத்துக்கு மேல் செய்தார்கள். இங்கே அருங்காட்சியகத்துக்கே சொந்தமாக ஒன்று இருக்கிறது, எண் என்3200. 1940 மே 26 அன்று, இந்தத் தளத்துப் படைப்பிரிவின் தலைவர் ஜெஃப்ரி ஸ்டீபன்சன், அடிபட்ட அந்த விமானத்தை பிரான்சின் கலே பக்கத்துக் கடற்கரை மணலில் இறக்கினார். அவர் ஜெர்மானியரிடம் பிடிபட்டார், விமானத்தை மணல் விழுங்கிவிட்டது. 1986இல் வெளியே வந்தது. 2014இல் மறுபடியும் பறந்தது, அடுத்த ஆண்டு அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்தது. உப்பு மணலில் 46 வருடம் கிடந்த அலுமினியத்தில் எத்தனை தகடு மிஞ்சியிருக்கும்? பெரும்பாலும் புதுத் தகடு, புது ரிவெட். அதை ஹேங்கரில் பூட்டி வைத்து எதைக் காப்பாற்றப் போகிறோம்? தாராளமாகப் பறக்கட்டும். 27 லிட்டர் மெர்லின் இஞ்சின் தலைக்கு மேல் போகும்போது வரும் சத்தம், அதுதான் அசல்.

ஆனால் 'பிளாக் 6' கதை வேறு. 1942இல் லிபியாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் சிக்கிய ஜெர்மன் போர் விமானம், மெஸ்ஸர்ஷ்மிட் 109 ரகம். உண்மையிலேயே போரில் பறந்தது. ஏறத்தாழ 19 வருடம் தன்னார்வலர்கள் பிரித்து மேய்ந்து சரிசெய்து 1991இல் பறக்கவிட்டார்கள். சில வருடம் பறந்த பிறகு அருங்காட்சியகத்தில் நிறுத்துவதாக முடிவாகியிருந்தது. 1997 அக்டோபரில், அப்படி நிறுத்தப்போகிற வேளையில், இதே டக்ஸ்ஃபோர்டில் பக்கத்து வயலில் இறங்கித் தலைகுப்புறக் கவிழ்ந்தது. விமானி தப்பித்தார். விமானத்தைத் திரும்பக் கட்டினார்கள், ஆனால் காட்சிக்கு மட்டும். அந்த 19 வருட வேலையை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு கைதேர்ந்த மெக்கானிக் வைத்துவிட்டுப் போன சுத்தியல் அடையாளம், தொழிற்சாலை பெயின்ட், இதெல்லாம் ஒருமுறை போனால் போனதுதான்.

உயிர்க்கணக்கும் இருக்கிறது. 2015இல் இங்கிலாந்தின் ஷோரம் விமானக் கண்காட்சியில் ஹன்டர் என்ற பழைய ஜெட் சாலையில் விழுந்து 11 பேர் போனார்கள். விமானி பிழைத்துக்கொண்டார்; செத்தவர்கள் எல்லாரும் தரையில் இருந்தவர்கள். அமெரிக்காவில் பி-17 குண்டுவீச்சு விமானம் 2019இல் விழுந்து ஏழு பேர், 2022இல் டல்லாஸ் வானில் இன்னொரு பி-17 வேறொரு பழைய விமானத்தோடு மோதி ஆறு பேர். டக்ஸ்ஃபோர்டிலேயே பறக்கிற பி-17 ஒன்று உண்டு, பெயர் 'சாலி பி'. அமெரிக்கக் கூடத்துக்குள் அதே ரகத்தில் ஒன்று அசையாமல் நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், அப்புறம் உங்கள் கட்சியைச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், காட்சிக்குப் பறக்கட்டும், பயணி ஏற்ற வேண்டாம்.

அந்தக் கூடத்தில்தான் அமெரிக்க உளவு விமானமான எஸ்ஆர்-71 பிளாக்பேர்டும் நிற்கிறது. 1976இல் 85,000 அடிக்கு மேல் ஏறிச் சாதனை வைத்த அதே விமானம். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஒரே பிளாக்பேர்ட். முதல் கூடத்தில் இருக்கும், பாதியில் கைவிடப்பட்ட பிரிட்டிஷ் ஜெட் டிஎஸ்ஆர்-2 அதைவிடப் பாவம், உலகத்தில் மிச்சமிருப்பதே இரண்டுதான். இவற்றைப் பறக்கவிடு என்று மாப்பிள்ளைகூடக் கேட்கவில்லை.

இரண்டு பேர் உட்காரும் ஸ்பிட்ஃபயரில் சவாரி விற்கிறார்கள். சில ஆயிரம் பவுண்டு ஆகும், அபாயம் தெரிந்தே ஏறுகிறேன் என்று கையெழுத்தும் போட வேண்டும். என் காசில் நான் ஏறமாட்டேன். ஓடுபாதை ஓரம் நின்றால் சவாரி போகிறவர்களின் இஞ்சின் சத்தம் டிக்கெட் விலைக்குள்ளேயே கிடைக்கிறது. வானம் தெளிந்த நாளாகப் பார்த்துப் போங்கள், மேகம் தாழ்ந்தால் எதுவும் கிளம்பாது. ரயிலில் வந்தால் விட்டில்ஸ்ஃபோர்டு பார்க்வே நிலையத்தில் இறங்கி அங்கிருந்து டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள். நடையை உள்ளே நடக்க மிச்சம் வையுங்கள்.