ஜீப்பின் முன் டிஃபரன்ஷியல்: சொந்தத்தைச் சரிசெய்வதா, பழையதை வாங்கி மாட்டுவதா?

தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்கு ஓடும் பழைய மஹிந்திரா ஜீப், முன்பக்கத்தில் உறுமத் தொடங்கியது. ஷாஃப்டின் சுழற்சியை இரண்டு முன்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் டிரெயின் பிளக்கைக் கழற்றினால், கியர் ஆயில் தண்ணீர் கலந்து பால் காப்பி நிறத்தில் இறங்கியது. ஓடையில் இறங்கும்போது சூடான ஹவுசிங் (கியர்களை மூடியிருக்கும் இரும்புக் கூடு) சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் என்னும் காற்றுத் துளை சேறு அடைத்துக் கிடந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸும் (மூட்டில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) போயிருந்தது. அதன் மூடியைத் தட்டி எடுத்ததும் ஊசி பேரிங்குகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து செங்கல்பொடி மாதிரித் துரு கொட்டியது.

எதிரில் மூன்று வழிகள் இருந்தன. முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்சக்கர இழுவையிலேயே ஓட்டுவது முதல் வழி. தார்ச்சாலை வண்டிக்கு அது போதும். ஐப்பசி மழையில் களிமண் ஏற்றம் ஏறுகிறவனுக்கு ஆகாது.

இரண்டாவது வழி, சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் டிஃபரன்ஷியலும் சேர்ந்த முழு முன் ஆக்சிலாக வாங்கி மாட்டுவது. மூன்றாவது, சொந்த ஹவுசிங்கைப் பிரித்துப் பேரிங், சீல், கிராஸ் மாற்றுவது. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் முதலில் மனம் சாய்ந்தது இரண்டாவதன் பக்கம்தான். செலவு பாதிகூட ஆகாது, ஒரே நாளில் வேலை முடியும்.

என்னைத் திருப்பியது பல் கணக்கு. வில்லிஸ் என்ற பழைய அமெரிக்க ஜீப்பின் வழிவந்த ஜீப்புகளில் வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான ஆக்சில்களுக்குள் வேறு வேறு கிரவுன் (பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) ஜோடிகள் இருக்கும். ஒன்றில் 43-க்கு 8, அதாவது கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல்; இன்னொன்றில் 39-க்கு 8. எங்கள் ஜீப்பின் பின் ஆக்சில் 43-க்கு 8. விற்பனைக்கு வந்ததோ 39-க்கு 8. போல்ட் ஓட்டைகள் எல்லாம் பொருந்தின, கடைக்காரரும் "அப்படியே உட்காரும்" என்றார். உட்காரும்தான். ஆனால் சக்கரம் 100 சுற்று சுற்றும்போது பின் ஷாஃப்ட் 537 சுற்றும் முன் ஷாஃப்ட் 487 சுற்றும் சுற்றியாக வேண்டும். ஃபோர்வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன், பின் ஷாஃப்டுகளுக்குக் கொடுக்கும் கியர் பெட்டி) இரண்டு ஷாஃப்டுகளையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. அந்த 50 சுற்று வித்தியாசத்தை டயர் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். சேற்றில் வழுக்கும். கெட்டித் தரையில் முறுக்கேறி, கிராஸோ ஆக்சில் ஷாஃப்டோ டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லோ உடையும்.

பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். எங்கள் ஜீப்பில் ஹேண்ட்பிரேக் ஷாஃப்டைத்தான் பிடிக்கும் என்பதால் அதையும் விடுவிக்க வேண்டும். ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு நல்ல கட்டை கொடுக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள் (ஒரு சக்கரம் மட்டும் இரண்டு சுற்று சுற்றுவது, இரண்டும் ஒரு சுற்று சுற்றுவதற்குச் சமம்). ஷாஃப்ட் ஐந்தேகால் சுற்றைக் கொஞ்சம் தாண்டினால் 43-க்கு 8. ஐந்தைத் தொடாமல் நின்றால் 39-க்கு 8. கடையில் கிடக்கும் ஆக்சிலிலும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்றி இதையே செய்யலாம். பணம் கொடுப்பதற்கு முன் செய்யுங்கள்.

சொந்த ஹவுசிங்கில் இந்தக் கவலையே இல்லை. எங்களுடையதில் கிரவுன் பற்கள் நன்றாக இருந்தன, பினியன் பேரிங்தான் குழி விழுந்திருந்தது. வத்தலக்குண்டு மெக்கானிக் அண்ணன் சிம்களை (பல்சக்கரங்களின் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாரோ அந்தப் பக்கத்துப் பெயரெழுதிய தாளில் மடித்து வைத்தார். புதுப் பேரிங் போட்ட பிறகு பல்லில் மெல்லிசாக நிறப்பசை தடவிச் சுற்றிப் பார்த்தார். தடம் பல்லின் நுனிப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. மறுபடி பிரித்து, சிம் மாற்றி, மறுபடி பூட்டினார். மூன்றாம் தடவைதான் தடம் நடுப்பல்லில் விழுந்தது. டயல் கேஜ் என்னும் நுண்ணளவி வைத்துப் பற்களின் இடைவெளி பார்க்கத் தெரியாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட கை கிடைக்காத ஊரில், பல் கணக்குப் பொருந்தும் பழைய ஆக்சில்தான் மேல்.

ஷாஃப்டைத் திரும்ப மாட்டும்போது ஸ்ப்லைனின் (ஷாஃப்டின் இரு துண்டுகளும் பல் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இடம்) இருபுறமும் உள்ள அம்புக்குறிகள் நேராக வர வேண்டும். ஒரு பல் தள்ளினாலும் வண்டி அதிரும், புதுக் கிராஸ் சீக்கிரமே தேயும்.

விற்கிற நேரத்து மதிப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றே நினைக்கிறேன். வாங்குகிறவர்கள் இன்ஜினைக் கேட்பார்கள், தரைத்தகட்டின் துருவைப் பார்ப்பார்கள்.

சரிசெய்த பிறகு இரண்டு மழைக்காலம்தான் ஓடியிருக்கிறது. இதுவரை உறுமல் இல்லை, சென்ற மாதம் வடித்த ஆயிலும் தெளிவாக இருந்தது. ஆனால் எங்களுக்குப் பற்கள் தப்பியிருந்தன. பல் உடைந்து புதுக் கிரவுன், பினியன் ஜோடி வாங்க வேண்டியிருந்தால் செலவுக் கணக்கு மாறியிருக்கும். ஹவுசிங் குழாய் வளைந்திருந்தால் யோசிக்காமல் வேறு ஆக்சில் தேடியிருப்பேன். பிரீதரில் இப்போது ஒரு ரப்பர் குழாயை மாட்டி, பானெட்டுக்குக் கீழே பேட்டரி உயரத்துக்கு ஏற்றிக் கட்டியிருக்கிறேன்.